புஷ்பவல்லிக்கு ஐஸில் வந்த கிட்னி

காசிமேட்டு மீன் மார்க்கெட்டில் புஷ்பவல்லியிடம் வந்து, "இது ஐஸ் மீனா, நல்ல மீனா?" என்று கேட்ட யாரும் சும்மா திரும்பிப் போனதில்லை.

"ஐஸ் மீன்னா கெட்ட மீனா? யாருய்யா உனுக்குச் சொன்னது? வலையிலேருந்து எடுத்தவொடனே ஐஸ்ல போட்டா கரைக்கு வர்ற வரைக்கும் அது தூங்கிக்கினு கெடக்கும். அப்பால எடுத்துகினு போயி உன் வூட்டு அடுப்பாண்ட வெக்கிறியே, அப்பத்தான் கெடும். கேள்வி கேக்க வந்துட்டாரு. பையத் தொற!"

வந்தவர் பையைத் திறப்பார். புஷ்பவல்லி நல்ல மீனாகவே பொறுக்கிப் போடுவாள். திட்டு வாங்கிய அதே ஆள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவளைத் தேடித்தான் வருவார்.

அவளுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. குள்ளமான, அகலமான உடம்பு. குரல் மட்டும் உடம்பைவிடப் பெரியது. பக்கத்துக் கடை கெங்கம்மா அவளுடைய சிறு வயதுத் தோழி. இருவரும் சண்டை போடாத நாள் கிடையாது. ஒருத்தி வராத நாளில் மற்றவளுக்கு வியாபாரம் ஓடாது.

மீன் விற்கும் இந்தப் பெண்களுக்குள் ஒரு நடைமுறை உண்டு. விடியுமுன் ஏலத்தில் எடுக்கும் கூடையில் மேல் மீன் பளபளவென்றுதான் இருக்கும். நடு மீனின் லட்சணம் வெளிச்சம் வந்தபிறகுதான் தெரியும். கூடையில் போட்ட ஐஸ் கரைவதற்குள் நடு மீன் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டால், கூடையை அப்படியே திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தவர் முகம் சுளிக்கக் கூடாது. உடனே கருவாட்டுக்கு அனுப்பினால் மீன் முழுசாக வீணாகாது அல்லவா? ஐஸ் கரைந்த பிறகு அது வாங்கினவள் பாடு. புஷ்பவல்லி தளர்ந்த கூடையை ஒரு நாளும் ஒளித்து விற்றதில்லை. "ஒருத்தன் கடலாண்ட உசுர வெச்சு புடிச்சாந்தது. அது என் கையில நாறக் கூடாது" என்பாள்.

அவள் கல்யாணமே ஐஸில்தான் தொடங்கியது. ரகுபதி திருவொற்றியூர்க்காரன். காசிமேட்டு ஐஸ் கம்பெனி ஒன்றில் கம்ப்ரஸர் ஓட்டுகிறவன். அந்தக் காலத்தில் புஷ்பவல்லி ஐஸ் பார் வாங்க வந்தால், ஒரு கட்டையால் பாரைத் தட்டிப் பார்ப்பாள். கணீரென்று கேட்டால் முழு ஐஸ். மொத்தென்று கேட்டால் நடுவில் இன்னும் தண்ணீர்.

"யோவ், நடுவுல தண்ணி கீது. தண்ணிய வித்துகினு கீறியா?"

"கரண்டு போயி வந்துச்சும்மா. உறையல. செத்த நேரம் பொறு."

"நான் பொறுப்பேன். என் மீனு பொறுக்குமா?"

ரகுபதி அதிகம் பேசாதவன். பேசுவதற்கு முன்னால் தலையைச் சொறிவான். கொஞ்ச நாளில் அவளுக்கென்று நல்ல பாராகப் பார்த்துத் தனியே எடுத்து வைக்க ஆரம்பித்தான். அவளும் விடாமல் ஒவ்வொன்றையும் தட்டினாள். எல்லாமே கணீரென்றன. "எனுக்கு மட்டும் எதுக்குய்யா எடுத்து வெக்கிற?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். அவன் ரொம்ப நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "நீ தட்டுற சத்தம் நல்லா கீது" என்றான். அன்றைக்கு அவள் ஐஸை வாங்காமலேயே போய்விட்டாள். மறுநாள் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தாள்.

அவர்களுக்கு ஒரே மகள், மோகனப்ரியா. அவளும் கல்யாணமாகி மாதவரம் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் புஷ்பவல்லியின் கால்கள் வீங்கத் தொடங்கின.

ஐஸ் தண்ணீரில் நின்றுகொண்டே இருக்கிற கால் வீங்காதா என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு முகமும் வீங்கியது. "கல்யாணப் பொண்ணாட்டம் கன்னம் வெச்சிகினு கீறடி" என்று கெங்கம்மா கிண்டல் செய்தாள். கூடையைத் தூக்க முடியாமல் மூச்சு வாங்கிய அன்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தக் கொதிப்பு பல வருஷமாக யாருக்கும் தெரியாமல் உள்ளேயே இருந்து இரண்டு கிட்னியையும் சுருக்கிவிட்டிருந்தது. அதன் பிறகு வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் மிஷின், மீதி நாள் மீன் என்று அவள் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தது.

சிறுநீர் குறைந்துகொண்டே வந்து, பிறகு அடியோடு நின்றுபோனது. உடம்பில் சேரும் தண்ணீரை மிஷின்தான் எடுக்க வேண்டும் என்பதால், குடிக்கிற தண்ணீருக்கும் கட்டுப்பாடு வந்தது. வெயிலில் உட்கார்ந்து, நாளெல்லாம் ஐஸில் கை வைத்திருப்பவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க வழியில்லை. ரகுபதி வீட்டு ஃபிரிட்ஜில் காய்ச்சிய தண்ணீரை ஊற்றி, சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சில்லுகள் உறைய வைத்துக் கொடுப்பான். மீன்பிடி லாஞ்சுகளுக்கெல்லாம் பார் பாராக ஐஸ் அனுப்புகிறவன் வீட்டில் பெண்டாட்டிக்கு மட்டும் சில்லுக் கணக்கு. அவள் அதை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள்.

ஆனால் அவளை அதிகம் வருத்தியது தாகம் அல்ல. கெங்கம்மாவிடம் மட்டும் அதை ஒருமுறை சொன்னாள். "கக்கூஸுக்குப் போவாத பொம்பளைய பாத்துக்கிறியாடி? எல்லாரும் ஓடுறாங்க, வராங்க. நான் கல்லாட்டம் குந்திகினு கீறேன். நான் மனுசியா இல்லியான்னே தெரியல."

"ஓடுறவங்க ஒண்ணும் பெருசா சாதிக்கல" என்று சொல்லிவிட்டு கெங்கம்மா மூக்கைச் சிந்தினாள்.

ரகுபதி தன் கிட்னியைத் தருவதாகச் சொன்னான். சோதித்துப் பார்த்ததில் அவனுக்கே சர்க்கரை இருப்பது தெரிந்து, டாக்டர்கள் முடியாது என்றுவிட்டார்கள். அவனுக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று. "ஐஸைத்தான் தட்டித் தட்டிப் பாத்த. இப்ப கிட்னியும் தேறல" என்றான். "ஐஸ் தேறுச்சுய்யா, அத நம்பித்தான் உன்னக் கட்டிகினேன்" என்றாள் அவள். மகள் தருகிறேன் என்று வந்து நின்றபோது புஷ்பவல்லி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. கைக்குழந்தையோடு இருப்பவளிடம் வாங்கமாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். இறந்தவர்களின் உறுப்புக்காகப் பெயரைப் பதிந்து வைத்துவிட்டுக் காத்திருப்பது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

அழைப்பு வந்தபோது அவள் ஒரு வாடிக்கையாளருக்குச் சங்கரா மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். செதில் ஒட்டிய கையோடு போனை எடுத்தாள். கிட்னி ஒன்று கிடைத்திருக்கிறது, உடனே வர வேண்டும், எதுவும் சாப்பிடக் கூடாது என்றது ஒரு பெண் குரல். புஷ்பவல்லி போனை வைத்துவிட்டு மறுபடி மீனைக் கையில் எடுத்தாள்.

"யாருடி போன்ல?" என்றாள் கெங்கம்மா.

"ஆஸ்பத்திரி. கிட்னி வந்துகீதாம்."

"அட பாவி, அதுக்கு ஏன்டி மீனு அறுத்துகினு கீற?"

"பாதி அறுத்த மீன வுட்டுட்டு எப்டிடி போறது?"

கெங்கம்மா கத்தியைப் பிடுங்கிக்கொண்டு அவளை முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அந்த வாடிக்கையாளரே ஓடிப்போய் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

வேறொரு ஊரில், விபத்தில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்த ஓர் இளைஞனுடைய கிட்னி அது. பெயரோ ஊரோ சொல்லமாட்டார்கள், அதுதான் விதி. "பேரு வேணாம். அந்தப் புள்ளையப் பெத்தவ எதுனா சாப்புட்டாளா, அது மட்டும் சொல்லுங்க" என்று புஷ்பவல்லி கேட்டாள்.

வழியில் நல்ல மழை. கிட்னி வர நினைத்ததைவிட நேரமாகிவிட்டது. ஒருவழியாக ஐஸ் பெட்டி தியேட்டருக்குள் போவதை ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அவள் பார்த்தாள். "ஐஸ் ஒயுங்கா வெச்சிகீறாங்களா?" என்று கேட்டாள். "எல்லாம் ஒழுங்கா இருக்கு, நீங்க கண்ணை மூடுங்க" என்றார் மயக்க மருந்து டாக்டர். அத்தோடு அவள் தூங்கிவிட்டாள்.

கிட்னியை அடிவயிற்றில் வலது பக்கமாக வைத்து ரத்தக் குழாய்களை இணைத்தார்கள். ரத்தம் பாய்ந்ததும் வெளிறிக் கிடந்த கிட்னி ரோஜா நிறத்துக்கு வந்தது. தையலில் குறையில்லை, ரத்த ஓட்டத்திலும் குறையில்லை. ஆனால் சிறுநீர் மட்டும் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் சிறுநீர்க் குழாயின் முனையில் தொங்கிய பை காலியாகவே கிடந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி வைத்துத் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு டாக்டர் கீர்த்தி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சின்ன வயதுப் பெண். பேசும்போது முகமூடிக்கு மேலே கண்ணிரண்டும் உருண்டுகொண்டே இருக்கும். ரகுபதியும் பச்சை அங்கியும் முகமூடியுமாக ஓரத்தில் நின்றான்.

"உங்க உடம்பு இந்தக் கிட்னியைத் தள்ளலைம்மா. அதைப் பாத்துட்டோம். இது வேற பிரச்சினை. இத்தனை நேரம் ரத்தமே இல்லாம ஐஸ்ல இருந்துச்சு இல்லையா? அப்ப அதோட செல்கள் பட்டினி கிடக்கும். ஆனா பெரிய அடி அப்ப விழாது. ரத்தம் திரும்பி வரும்போதுதான் விழும்."

"ரத்தம் வந்தா நல்லது தானே டாக்டரம்மா?"

"நல்லதுதான். அது இல்லாம முடியாது. ஆனா நம்ம ரத்தத்துல காவலுக்குன்னே சில புரதங்கள் இருக்கு. கிருமி வந்தா ஒட்டிக்கிட்டு அடையாளம் காட்டும். பட்டினி கிடந்த செல்லோட மேல்பக்கம் மாறிப்போயிருக்கும். இந்தக் காவல் புரதம் உள்ள நுழைஞ்சதும் அதைப் பாத்து, இது ஏதோ கெட்டதுன்னு நினைச்சு ஒட்டிக்கும். ஒட்டினா வெள்ளை அணுக்களைக் கூப்பிடும். எல்லாம் கூடி அடிச்சா வீங்காதா? கிட்னிக்குள்ள சிறுநீர் ஓடுற நுணுக்கமான குழாய்கள் உண்டு. அதோட உள்பூச்சு உதிர்ந்து, குழாயே அடைச்சுக்கும்."

"புரதம்னா, நீங்க துன்னச் சொன்ன முட்டையா?"

"இல்லம்மா, முட்டை மேல பழி போடாதீங்க. இது உடம்பே செஞ்சு ரத்தத்துல வெச்சிருக்கிறது. சாப்பாட்டால வர்ற வம்பு இல்லை."

டாக்டர் இன்னும் கொஞ்சம் சொன்னார். உதிர்ந்தது திரும்ப வளரும், உள்ளேயே பழுது பார்க்கிற வேறு புரதங்களும் உண்டு, அது வரைக்கும் டயாலிசிஸ் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். ஆனால் புஷ்பவல்லியின் காது பாதியிலேயே அடைத்துக்கொண்டது. ரத்தம் பட்டதும் அடி விழுந்தது என்ற இடத்திலேயே அவள் மனம் நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் மிஷினுக்கு அழைத்துப்போக வந்தபோது அவள் வரமாட்டேன் என்றாள்.

"பொட்டாசியம் ஏறிட்டே இருக்கு. அது ஏறினா இதயம் நின்னுபோகும். விளையாடாதீங்க" என்றார் கீர்த்தி.

"வெளயாடல டாக்டரம்மா. நீங்க இத எடுத்துடுங்க."

"எதை?"

"கிட்னிய. இது உள்ளாற கெட்டுகினு கீது. முழுசா கெடுறதுக்கு முன்ன எடுத்து, நல்ல ரத்தம் கீற ஒருத்தருக்கு வெச்சிடுங்க. ஒரு தாயி பெத்த புள்ளையோடது. என் வயித்துல நாறக் கூடாது. எடுக்க மாட்டேன்னு சொல்லி மிஷின போட்டா, கூடைய என் தலையில கட்டிட்டீங்கன்னு அர்த்தம்."

எந்தக் கூடை என்று டாக்டருக்கு விளங்கவில்லை. அப்படி எடுத்து இன்னொருவருக்கு வைக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தார். புஷ்பவல்லி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கீர்த்தி வெளியே வந்து ரகுபதிக்குப் போன் செய்தார்.

அவன் ஐஸ் கம்பெனியிலிருந்து நேராக வந்தான். சட்டையில் அமோனியா நெடி. அங்கியை மாட்டிவிட்டும் நெடி போகவில்லை. கட்டிலருகே நின்று, தலையில் போட்டிருந்த தொப்பிக்கு மேலேயே சொறிந்துகொண்டான்.

"இன்னாமே, மிஷினு வோணாம்னியாமே?"

"ஆமா."

"ஏன்?"

"என் ரத்தம் பட்டுத்தான்யா அது கெட்டுச்சு. ஐஸ்ல நல்லாத்தான் இருந்துச்சு. டாக்டரம்மாவே சொல்லிச்சே, நீயும் தானே நின்னு கேட்டுகினு இருந்த? ஐஸ வுட்டு எறங்கின மீனு கெட ஆரம்பிச்சா திரும்புமா? நீயே சொல்லு."

"திரும்பாது."

"அப்பறம் இன்னா? அந்தப் புள்ள இன்னா பாவம் பண்ணான்? என் ஒடம்புல ராசி இல்ல."

ரகுபதி கட்டிலுக்கு அடியில் தொங்கிய பையைக் குனிந்து பார்த்தான். ஐஸ் கம்பெனியில் பிரஷர் கேஜைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு நிமிர்ந்தான்.

"கம்ப்ரஸர் ஒடஞ்சுதே, ஞாபகம் கீதா?"

"குணசேகரன் பண்ண கூத்தா?"

குணசேகரன் என்பவர் ரகுபதி லீவில் இருக்கும் நாட்களில் கம்ப்ரஸர் ஓட்டுகிறவர். ஒருமுறை கரண்டு போய் வெகுநேரம் கழித்து வந்தது. வந்ததும் அவர் அவசரத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டார். மிஷின் நின்று கிடந்த நேரத்தில், வாயுவாக ஓட வேண்டிய அமோனியா குழாய்களில் திரவமாகத் தேங்கியிருந்தது. அது ஒரேயடியாகக் கம்ப்ரஸருக்குள் பாய்ந்து வால்வுகளை நொறுக்கிவிட்டது.

"அன்னிக்கு நீ யாரத் திட்டின?" என்றான் ரகுபதி.

"அந்த ஆளத்தான். அவசரக் குடுக்கை."

"கரண்டத் திட்டினியா?"

"கரண்டு இன்னாய்யா பண்ணும்?"

"கம்ப்ரஸரத் திட்டினியா?"

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கரண்டும் நல்ல கரண்டு, கம்ப்ரஸரும் நல்ல கம்ப்ரஸரு. நின்னு கெடந்தது திரும்ப ஓடுற நேரந்தான்மே பேஜாரு. அங்கயாவது அவசரப்பட்ட ஆளு கீறான். இங்க அதுவும் இல்ல. டாக்டருங்க பாத்துப் பாத்துத்தான் பண்ணாங்க. மழையில நேரமாயிடுச்சு, அவ்ளோதான். உன் ரத்தமும் கலீஜ் இல்ல, அந்தப் புள்ள கிட்னியும் கலீஜ் இல்ல."

"ஒடஞ்சது ஒடஞ்சது தானே?"

"ஒடஞ்சத காயலாங்கடையிலயா போட்டோம்? பிரிச்சு, வால்வு மாத்தி, இன்னிக்கும் ஓடிகினு கீது. அது ரெடியாவுற வரைக்கும் லாஞ்சுக்கெல்லாம் ஐஸ் யாரு குடுத்தா?"

"பக்கத்து கம்பெனியில பாரு வாங்கிக் குடுத்த."

"வெளிய ஐஸ் வாங்கிட்டாங்க, இவனுங்க கம்பெனிய மூடிட்டானுங்கன்னு யாராச்சும் சொன்னாங்களா? இந்த டயாலிசிஸ் மிஷினும் அப்டித்தான். கொஞ்ச நாளைக்கு வெளிய வாங்குறோம்."

புஷ்பவல்லி இப்போது அவன் பக்கம் திரும்பினாள். அழுது அழுது முகம் உப்பியிருந்தது. ஆனால் வாய் மட்டும் அடங்கவில்லை.

"கம்ப்ரஸர பிரிச்சு மாட்ட நீ கீற. என் வயித்துக்குள்ள யாருய்யா கீறா, வால்வு மாத்த?"

"அதையும் டாக்டரம்மா சொல்லிச்சு. நீ பாதியிலயே காத மூடிகின. பயுது பாக்குற புரதமும் உள்ளாறயே கீதாம். கசங்கிப்போனத நிமித்தி வெக்குமாம், உதிந்த எடத்துல புதுசு மொளைக்குமாம். நீ மீன் கணக்கு போடுறியே, அதான் தப்பு. மீனு செத்தது. ஐஸ வுட்டு எடுத்தா கெட்டுகினேதான் போவும், அதுக்கு வேற வயி இல்ல. இது உசுரோட கீது. உசுரோட கீறது தன்னத்தானே தெச்சிக்கும். உன் கையில எத்தினி வெட்டு பட்டுக்கீது? தானா கூடல?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். செதிலும் முள்ளும் கத்தியும் கீறிய கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. எல்லாம் கூடியவை.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கீர்த்தியை அவள் கூப்பிட்டாள். "டாக்டரம்மா, இந்தாளு சொல்றது நெசமா? என்னை டபாய்க்கிறானா?"

"கம்ப்ரஸர் பத்தி எனக்குத் தெரியாதும்மா. மத்ததெல்லாம் சரி."

"கண்டிப்பா எந்திரிக்குமா?"

கீர்த்தி முகமூடியைச் சரிசெய்துகொண்டார். "பொய் சொல்லமாட்டேன். எந்திரிக்காமலே போறதும் உண்டு. ஆனா பெரும்பாலானது எந்திரிச்சிடும். நாம அதுக்கு நேரம் குடுக்கணும். நீங்க உயிரோட இருந்தாத்தான் அந்த நேரத்தைக் குடுக்க முடியும்."

புஷ்பவல்லி கையை நீட்டினாள். "மிஷினு எங்க கீது? இட்டுகினு போ. ஆனா இனிமே யாரும் இதும் பக்கத்துல நின்னுகினு கெட்டுச்சு, வீங்குச்சுன்னு பேசக் கூடாது. அதுக்குக் கேக்கும்."

கெட்டுச்சு என்று முதலில் சொன்னது யார் என்று யாரும் அவளுக்கு நினைவூட்டவில்லை.

அதன் பிறகு காத்திருப்பு. மிஷினுக்குப் போவாள், வருவாள், அடிவயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். உள்ளே இருப்பவனிடம் பேசவும் ஆரம்பித்திருந்தாள். "இன்னா நைனா, ஊரு புதுசா கீதா? எண்ணூர் பக்கத்துக் காத்து ஒரு மாதிரி நாறத்தான் செய்யும். பயகிடும். நீ மெதுவா எந்திரி. இங்க யாரும் உன்ன வெரட்டல."

கெங்கம்மாவுக்கு வார்டில் அனுமதி கிடையாது. அவள் போனில் வருவாள். மீன் மார்க்கெட் இரைச்சலுக்கு மேலே அவள் குரல் கேட்கும். "ஒண்ணுக்கு வந்துச்சாடி?"

"மெதுவா பேசுடி, மானங்கெட்டவளே! கடையில ஆளு நிக்குதா?"

"நிக்குதே. அவரும்தான் கேக்குறாரு. அன்னிக்கி ஆட்டோ புடிச்சாந்தாரே, அந்த சங்கரா மீனுகாரரு."

ரகுபதி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வந்தான். வந்ததும் முதலில் குனிந்து பையைப் பார்ப்பான், பிறகுதான் அவள் முகத்தை. "பொண்டாட்டிய பாக்க வரியா, பைய பாக்க வரியா?" என்று அவள் கேட்பாள். அவன் தலையைச் சொறிவான்.

ஒரு நாள் மதியம் அவன் குனிந்தவன் நிமிரவேயில்லை. "இன்னாய்யா? இடுப்பு புடிச்சுகிச்சா?"

"குழாயில ஒண்ணு ஓடுது."

"காத்தா இருக்கும்."

"காத்து மஞ்சளாவா இருக்கும்?"

நர்ஸ் வந்து பார்த்தார். குழாயின் உள்பக்கம் ஒரு மஞ்சள் கோடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பையின் அடியில் சேர்ந்தது நனைந்தும் நனையாத அளவுதான். அதற்குள் ரகுபதி வெளியே போய் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். புஷ்பவல்லி தலையைத் தூக்கி எட்டிப் பார்க்க முயன்று, தையல் இழுத்ததும் படுத்துக்கொண்டு, "சபாஷ்டா நைனா" என்றாள் மெதுவாக.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. இடையில் இன்னும் ஒருமுறை மிஷினுக்குப் போக வேண்டியிருந்தது. ஆனால் பையில் சேர்வது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது. ரத்தத்தில் தேங்கியிருந்த உப்புகள் இறங்கின. முகத்தின் வீக்கம் வடிந்து அவளுடைய பழைய தாடை எலும்பு தெரிந்தது. ஒரு காலையில் கீர்த்தி வந்து, இனி மிஷின் வேண்டாம் என்றார். வாழ்நாள் முழுக்க மாத்திரை தவறக் கூடாது என்றார். இனி தண்ணீரை அளந்து குடிக்கத் தேவையில்லை, நிறையவே குடிக்கலாம் என்றார். கடைசியில் சிறுநீர்க் குழாயையும் எடுக்கச் சொன்னார்.

குழாயை எடுத்த பிறகு புஷ்பவல்லி ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். பிறகு இன்னொன்று. ரகுபதி பக்கத்தில் நின்று அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். முகம் மாறியது. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"யோவ்."

"இன்னாமே? வலிக்குதா?"

"வலி இல்ல." கட்டிலிலிருந்து காலைக் கீழே இறக்கினாள். "போவணும் போல கீது."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, வார்டின் கோடியில் இருந்த கழிப்பறைக்கு ஒவ்வோர் அடியாக நடந்தாள். வாசலில் அவன் கையைத் தட்டிவிட்டாள். "நீ எங்க வர? வெளிய நில்லு."

கதவு சாத்திக்கொண்டது. ரகுபதி நின்றான். ரொம்ப நேரம் ஆயிற்று. உள்ளே சத்தமே இல்லை. பிறகு ஏதோ விசும்புவது போலிருந்தது. சிரிப்பது போலவும் இருந்தது.

ரவுண்ட்ஸ் வந்த கீர்த்தி காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டு, "எங்க அவங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ரகுபதி கதவைக் காட்டினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவனால் பொறுக்க முடியவில்லை. விரலால் கதவை லேசாகத் தட்டினான்.

"இன்னாமே, வயுக்கி வியுந்துட்டியா?"

"யோவ்!" என்று உள்ளேயிருந்து வந்த குரலில் வார்டே திரும்பிப் பார்த்தது. "கம்முனு நில்லுய்யா. இன்னும் வந்துகினு கீது."